கத்திரி வெயிலில் ஓவர்கிளாக்: ஜிடிஎக்ஸ் 1080-க்கு வேறு கூலர் தேடிப் போட்ட அனுபவம்

கிராஃபிக்ஸ் கார்டு கூலர் விமர்சனங்களில் "62 டிகிரிதான் வந்தது" என்று போட்டிருந்தால் அந்த 62-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது எந்த அறையில் வந்தது என்று முதலில் பாருங்கள். 22 டிகிரி அறையில் 62 என்றால் அறைக் காற்றுக்கு மேல் 40 டிகிரி ஏறியிருக்கிறது. அதே கார்டு, அதே கூலர், கடலூரில் மே மாதம் மதியம் 2 மணிக்கு ஏசி இல்லாத மாடி ரூமில் 36 டிகிரி இருக்கும்போது ஓடினால் 76-க்குப் போய் நிற்கும். ஹீட்சிங்க் எதுவானாலும், தண்ணீர்க் கூலராகவே இருந்தாலும், அது செய்வது ஒன்றுதான்: அறைக் காற்றைவிட எத்தனை டிகிரி மேலே நிற்கிறோம் என்பதைக் குறைப்பது. அதனால் நான் விமர்சனங்களைப் படிக்கும்போது சிப்பின் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழித்து, அதை எத்தனை வாட்டில் எடுத்தார்கள் என்பதையும் பக்கத்தில் குறித்து வைத்துக்கொண்டேன். கூலர் தேர்வு முழுக்க அந்தக் கணக்கில்தான் நடந்தது.

கார்டு ஜிடிஎக்ஸ் 1080, 2016-ல் வந்தது, ப்ளோயர் வகை. ஒரு பக்கம் ஒரே ஃபேன், காற்றை உள்ளே இழுத்து மூடிய பெட்டி வழியாகத் தள்ளி கேபினெட்டின் பின்பக்கம் வெளியே விடும். பழைய கார்டுதான், ஆனால் எனக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங் வேலை, மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் எடுத்த காட்சிகளுக்கு நாய்ஸ் ரிடக்ஷன் போட்டு எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஜிபியு (கார்டின் முதன்மைச் சிப்) மணிக்கணக்கில் முழு வீச்சில் ஓடும். வைகாசி முகூர்த்தங்களும் கத்திரியும் ஒன்றாகத்தான் வருகின்றன. அதாவது வருடத்திலேயே வேலை அதிகமான மாதத்தில்தான் ரூமும் அதிகமாகச் சுடுகிறது.

ஓவர்கிளாக், அதாவது சிப்பை அதற்கு வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, என்றதும் பலர் நினைப்பது ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கோர் கிளாக்கை (சிப்பின் வேகத்தை) 150 மெகாஹெர்ட்ஸ் ஏற்றினால் 150 கிடைத்துவிடும் என்று. 1080 அடங்கும் பாஸ்கல் தலைமுறை கார்டுகளில் அப்படி இல்லை. இவற்றில் இருக்கும் ஜிபியு பூஸ்ட் 3.0 என்ற வேகக் கட்டுப்பாடு வெப்பம் ஏற ஏற கிளாக்கை 12, 13 மெகாஹெர்ட்ஸ் படிகளாகத் தானே இறக்கிக்கொண்டே வரும், அதுவும் 80-க்கு அப்புறம் இல்லை, அதற்கு ரொம்ப முன்பே தொடங்கிவிடும். 83-ஐத் தொட்டால் அது வைத்திருக்கும் இலக்கு வெப்பமே அதுதான், அங்கே நிறுத்தப் பார்த்து இன்னும் வேகமாக வெட்டும். என் கார்டு குளிராக இருக்கும்போது 2050-ல் கிளம்பும், கால் மணி நேரத்தில் 1750-க்கும் 1800-க்கும் நடுவே தடுமாறிக்கொண்டிருக்கும். பவர் லிமிட்டை 120 சதவீதத்துக்கு ஏற்றியிருந்தேன், அதாவது 180 வாட் கார்டு 216 வாட் வரை இழுக்கலாம். ஒரு 8 பின் கனெக்டர் 150, ஸ்லாட் 75, ஆக 225-க்குள் அடங்குகிறது, மின்சாரத்தில் பிரச்சினை இல்லை. ஆனால் அந்தக் கூடுதல் 36 வாட்டும் வெறும் சூடாக மாறி அந்தச் சூடே கிளாக்கைத் தின்றுவிட்டது.

சரி, என்னென்ன வழி இருக்கிறது என்று பார்த்தேன்.

திருப்பாப்புலியூரில் எப்போதும் பொருள் வாங்கும் கடை அண்ணன் முதலில் சொன்னது, "தம்பி, பேசாம தண்ணிக் கூலர் போட்டுடு." பிராசஸருக்கு வரும் ஏஐஓ கூலரை (பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து மூடிய தண்ணீர்க் கூலர்) வாங்கி, என்இசட்எக்ஸ்டி கிராகன் ஜி12 மாதிரி ஒரு பிராக்கெட் வைத்து கார்டில் பூட்டுவது. கோர் வெப்பத்துக்கு மட்டும் பார்த்தால் இதுதான் நன்றாக இருக்கும், அதை மறுக்கவில்லை. நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் இரண்டு. பம்ப் நின்றால் எல்லாமே நின்றுவிடும், ஹீட்சிங்க் கூலரில் ஒரு ஃபேன் நின்றால் இன்னொன்று ஓடும், இரண்டும் நின்றால்கூட கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நேரம் கிடைக்கும். ராத்திரி எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவனுக்கு இது முக்கியம். இரண்டாவது, அந்தக் குழாய்கள் வழியே தண்ணீர் மெல்ல மெல்ல ஆவியாகிக் குறைந்துகொண்டேதான் இருக்கும், சூடான ஊரில் இன்னும் கொஞ்சம் வேகமாக. மூடிய கூலர் என்பதால் திரும்ப நிரப்பவும் வழியில்லை.

ஆர்க்டிக் ஆக்ஸெலெரோ எக்ஸ்ட்ரீம் அடுத்தது. மூன்று 92 மில்லிமீட்டர் ஃபேன், நீளமான ஹீட்சிங்க். நல்ல பொருள். ஆனால் இதன் எக்ஸ்ட்ரீம் 3-ல் மெமரிக்கும் விஆர்எம்முக்கும் (சிப்புக்கு வேண்டிய வோல்டேஜில் மின்சாரம் கொடுக்கும் பகுதி) குட்டி ஹீட்சிங்க்குகளைத் தெர்மல் பசை போட்டு ஒட்டச் சொல்வார்கள். ஒட்டினால் ஒட்டினதுதான். பின்னால் கார்டை விற்க வேண்டுமென்றாலோ பழுது பார்க்க வேண்டுமென்றாலோ தலைவலி. எக்ஸ்ட்ரீம் 4-ல் அதை மாற்றி, கார்டின் முதுகுப் பக்கம் பெரிய அலுமினியத் தகட்டை வைத்துப் போர்டு வழியாகவே சூட்டை இழுக்கிறார்கள். அதன் ஃபேன்கள் அந்தக் கூலருக்கென்றே செய்தவை, ஒன்று கெட்டால் கடலூர் கடையில் மாற்று கிடைக்காது. எனக்கு இதுதான் தயக்கம்.

ராய்ஜின்டெக் மார்ஃபியஸ் 2-ஐ எடுத்தது இந்தக் காரணத்தால்தான். 6 மில்லிமீட்டர் ஹீட்பைப் 12 இருக்கிறது, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை, ஃபேன் எதுவும் கூட வராது. எந்த 120 மில்லிமீட்டர் ஃபேனையும் இரண்டு மாட்டிக்கொள்ளலாம். ஃபேன் என்பது கடலோரத்தில் தேயும் பொருள். உப்புக் காற்றில் பேரிங் எத்தனை வருடம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது சாதாரண கேபினெட் ஃபேனாக இருந்துவிட்டால் கவலை இல்லை. இன்னொன்று, முழுக்கக் கறுப்புப் பூச்சு போட்டிருக்கிறார்கள், செம்பு வெளியே தெரியாது. இங்கே பூச்சில்லாத செம்பு பச்சை பிடிப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். சென்னையில் ஒருவர் பயன்படுத்திய கூலரை விற்றார், பஸ் பார்சலில் வந்து சேர்ந்தது.

வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியவற்றை அளந்துவிடுங்கள். ஜிபியுவைச் சுற்றி நான்கு ஸ்க்ரூ ஓட்டைகள், ஒன்றுக்கும் பக்கத்து ஒன்றுக்கும் நடுவே வெர்னியர் வைத்தால் 1080-ல் 58 மில்லிமீட்டரும் கொஞ்சமும் வரும். ஆர்எக்ஸ் 580 மாதிரி ஏஎம்டி கார்டுகளில் 53-ஐ ஒட்டி வரும். கூலரின் பட்டியலில் அந்த அளவு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி, மாடல் பெயர் பட்டியலில் இருப்பது அப்புறம். அடுத்து உயரம். ஹீட்சிங்க் 44 மில்லிமீட்டர், அதன்மேல் ஃபேன் 25, ஒரு ஸ்லாட் என்பது 20.32 மில்லிமீட்டர், ஆக நான்கு ஸ்லாட் இடம் காலியாக வேண்டும். கீழே எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) மூடி இருக்கும் கேபினெட்டுகளில் ஃபேனுக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு விரல் இடமாவது இல்லையென்றால் ஃபேன் காற்றே இழுக்க முடியாமல் திணறும். 15 மில்லிமீட்டர் மெலிந்த ஃபேன் போட்டு ஒப்பேற்றலாம், என் கேபினெட்டில் அது தேவைப்படவில்லை.

இனிமேல் சொல்வதுதான் என் பார்வையில் மொத்த வேலையிலும் முக்கியமான பகுதி. வேறு கூலர் போட்ட பலர் கோர் 60-ல் நிற்கிறது என்று படம் போடுவார்கள், விஆர்எம் எத்தனையில் இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். பழைய ப்ளோயரில் ஹீட்சிங்க்குக்குக் கீழே போர்டு முழுவதையும் மூடும் ஒரு அலுமினியத் தகடு இருக்கும். 8 மெமரி சிப், விஆர்எம்மில் மின்சாரம் கொடுக்கும் மாஸ்ஃபெட்டுகள் எல்லாம் அதில்தான் தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டை) வழியாகச் சூட்டைக் கொட்டும். கூலர் மாற்றும்போது அந்தத் தகடு போய்விடுகிறது. ஓவர்கிளாக் செய்து 216 வாட் இழுக்கும்போது அந்த மின்சாரம் முழுக்கப் பாய்வது மாஸ்ஃபெட்டுகள் வழியாகத்தான். இந்தக் கார்டில் விஆர்எம் வெப்பத்தைக் காட்ட சென்சாரும் கிடையாது, ஜிபியு-இசட் மென்பொருளில் எத்தனை தேடினாலும் அந்த வரி வராது. மாஸ்ஃபெட் 100 டிகிரிக்கு மேலும் தாங்கும், வாஸ்தவம். ஆனால் ஒட்டி நிற்கும் கெப்பாசிட்டர்களும் அதே சூட்டில் வேகும், சாலிட் கெப்பாசிட்டருக்கு 20 டிகிரி குறைத்தால் ஆயுள் சுமார் 10 மடங்கு என்பது அதைச் செய்பவர்களே சொல்லும் கணக்கு.

கூட வரும் குட்டி ஹீட்சிங்க்குகளை மாஸ்ஃபெட் மேல் ஒட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. கேபினெட்டில் கார்டு முகம் கீழே பார்த்துப் படுத்திருக்கிறது, ஹீட்சிங்க்குகள் எல்லாம் தலைகீழாகத் தொங்கும். மெமரி சிப் அகலமானது, பிடிமானம் கிடைக்கும். மாஸ்ஃபெட் சின்னது, உயரமும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், 80, 90 டிகிரியில் ஒட்டும் டேப் இளகும். ஒன்று கழன்று விழுந்தால் போர்டின் மேலேயோ ஃபேனிலேயோ விழும். அதனால் விஆர்எம்முக்கு ஒட்டுகிற வேலையே வேண்டாம் என்று ஸ்க்ரூ போட்டுப் பிடிக்கும் ஒரே பட்டையாகச் செய்துவிட்டேன்.

பழைய ஆம்பிளிஃபையரிலிருந்து எடுத்த பல் வைத்த அலுமினிய ஹீட்சிங்க் வீட்டில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓ.டி. (ஓல்டு டவுன்) துறைமுகம் பக்கம், விசைப்படகு எஞ்சின் பாகங்களைக் கடையும் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அட்டையில் வெட்டிய மாதிரியைக் காட்டினேன், மாஸ்ஃபெட் வரிசை எங்கே, சோக் (காயில்) எங்கே, எந்த இடத்தில் உலோகம் படக் கூடாது என்று பேனாவில் குறித்திருந்தேன். அவர் அட்டையைப் போர்டின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த ரெண்டு ஓட்ட ஏற்கெனவே இருக்குல்ல தம்பி, இதுலயே புடிச்சிக்கலாம், புதுசா ஏன் தொடணும்" என்றார். பழைய தகட்டைப் பிடித்திருந்த ஸ்க்ரூ ஓட்டைகள்தான் அவை. பட்டையின் அடிப்பக்கத்தை மட்டமாக இழைத்து, சோக்குகளுக்கு நேரே ஒரு பள்ளம் எடுத்து, விளிம்புகளை அரம் போட்டு மழுக்கிக் கொடுத்தார். எஞ்சின் பாகங்களைக் கடைகிற கை, பட்டையை விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஸ்கேலை அடியில் வைத்து இடைவெளி தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் என்னிடம் கொடுத்தது.

பட்டைக்கும் மாஸ்ஃபெட்டுக்கும் நடுவே 1 மில்லிமீட்டர் தெர்மல் பேட். ஸ்க்ரூவுக்கு அடியில் போர்டைத் தொடும் இடத்தில் நைலான் வாஷர். ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கறுப்பு இரும்பு ஸ்க்ரூ இங்கே ஒரு மழைக்காலத்தைத் தாண்டினால் தலை துருப்பிடித்து ஸ்க்ரூ டிரைவர் நிற்காது.

மெமரி சிப்களுக்குக் குட்டி ஹீட்சிங்க்குகளே போதும். சிப்பின் மேல் பழைய பேட்டிலிருந்து கசிந்த எண்ணெய் இருக்கும், அது இருந்தால் எதுவுமே ஒட்டாது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து, துணி சுத்தமாக வரும்வரை துடைத்தேன். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் நன்றாக அழுத்திப் பிடித்து, கார்டை நிமிர்த்து வைத்து ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட்டு, காலையில் நகத்தால் ஓரத்தை நெம்பிப் பார்த்தேன். எதுவும் அசையவில்லை.

கோர் மேல் பேஸ்ட்டுக்குப் பதில் ஹனிவெல் பிடிஎம் 7950 என்ற ஃபேஸ் சேஞ்ச் பேட் போட்டேன். ஜிபியுவில் பிராசஸர் மாதிரி மேல் மூடி கிடையாது, வெறும் சிலிக்கன், 314 சதுர மில்லிமீட்டர். சூடும் குளிரும் மாறி மாறி வரும்போது நீர்த்த பேஸ்ட் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும், எக்ஸ்போர்ட் வேலைக்கு இது தினமும் நடக்கும். இந்தப் பேட் 45 டிகிரியை ஒட்டி இளகிப் பரவும், அப்புறம் அங்கேயே நிற்கும். ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல், 34 டிகிரி ரூமிலேயே அது பிசுபிசுவென்று மென்மையாகி மேல் உறையோடு சேர்ந்து உரிந்து வரும். ஃப்ரிட்ஜில் வைத்தால் உறை சுலபமாக உரியும், அதற்காக அப்படியே வைத்து எடுத்தால் வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் முத்து முத்தாக அதன் மேல் படியும். ஜிப் கவரில் காற்றில்லாமல் மூடி வைத்தேன், எடுத்தபின் கவரின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, உள்ளே இருக்கும்போதே ஒரு பக்க உறையை உரித்து, உடனே சிப்பின் மேல் வைத்து அழுத்திவிட்டேன். மேலுறையை அதற்கப்புறம் மெதுவாக.

கூலரை இறக்கும்போது ஒரு மூலை முதலில் இடித்தால் சிலிக்கன் ஓரம் தெறிக்கும், அதனால் கூலரைத் தலைகீழாக மேஜையில் வைத்து கார்டை அதன் மேல் இறக்குவதுதான் பத்திரம். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று அரைச் சுற்றாக.

ஃபேன் இரண்டு ஆர்க்டிக் பி12. இறக்கைகளுக்கு நடுவே காற்றை அழுத்தித் தள்ளும் சக்தி 2.2 மில்லிமீட்டர் தண்ணீர் அளவு, இந்த விலைக்கு அதிகம், ஹீட்சிங்க்குக்குக் காற்றின் அளவைவிட இந்த அழுத்தம்தான் பார்க்க வேண்டியது. கார்டின் ஃபேன் சாக்கெட் குட்டியாக இருக்கும், அதற்கு அடாப்டர் வயர் வாங்கி வேகச் சிக்னலை மட்டும் கார்டிலிருந்து எடுத்தேன், 12 வோல்ட்டை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேரே கொடுத்தேன். கார்டின் மேல் கூடுதல் மின்சுமை ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை.

ப்ளோயர் ஒரு நல்லதைச் செய்துகொண்டிருந்தது, சூட்டைக் கேபினெட்டுக்கு வெளியே தள்ளியது. புதுக் கூலர் 200 வாட்டையும் உள்ளேயே கொட்டும். முன்பக்கக் கண்ணாடி போட்ட கேபினெட்டில் இதைப் போட்டால் பிராசஸரும் சேர்ந்து வேகும். என்னுடையது முன்னால் வலை வைத்தது, அதில் இரண்டு 140 ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள.

இதெல்லாம் ஆடி மாதம் கல்யாண வேலை இல்லாத நாட்களில் செய்தது, ரூம் 33 டிகிரி. போர்டின் முதுகில் மாஸ்ஃபெட்டுக்கு நேர் பின்னால் சூடு தாங்கும் காப்டன் டேப்பில் தெர்மோகப்பிளை (வெப்பம் அளக்கும் வயர்) ஒட்டி, வயரை மல்டிமீட்டருக்கு இழுத்து, கேபினெட்டை மூடி, ஒரு மணி நேரம் ரெண்டர் ஓடவிட்டேன். பழைய ப்ளோயர் இதே ரூமில் 70 சதவீத ஃபேன் சத்தத்தோடு 83-ல் முட்டி நின்றது. இப்போது 210 வாட்டில் கோர் 60, அறைக்கு மேல் 27 டிகிரிதான். ஃபேன் 1100 சுற்று, பக்கத்து ரூமுக்குக் கேட்காது. விஆர்எம் முதுகு 78. கிளாக் 2025-ல் போய் உட்கார்ந்தது, இறங்கவே இல்லை.

அதோடு விடவில்லை. வெப்பம் கைக்கு வந்தபின் வோல்டேஜைப் பார்க்க வேண்டும். 1.062 வோல்ட்டில் ஓடியதை 1.0-க்கு இறக்கி, கிளாக் கர்வை (எந்த வோல்டேஜில் எந்த வேகம் என்று காட்டும் கோடு) 2000-ஐ ஒட்டி மட்டமாக்கினேன். சிப் இழுக்கும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தோடு போகிறது, 1.062-லிருந்து 1.0 என்றால் அதிலேயே 11 சதவீதம் குறையும். 210 வாட் 185-ஐ ஒட்டி வந்தது, கோர் 57, விஆர்எம் 72. இழந்தது 25 மெகாஹெர்ட்ஸ், எக்ஸ்போர்ட் நேரத்தில் அது தெரியவே தெரியாது. கத்திரியில் ரூம் 38 ஆனாலும் கோர் 62-ஐத் தாண்டாது என்று கணக்குப் போட்டுதான் இதில் நிறுத்தினேன், அடுத்த வைகாசியில் அப்படித்தான் வந்தது.

உப்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தேவனாம்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், ஜன்னல் கம்பியில் விரல் வைத்தால் பிசுபிசுக்கும். காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும், இங்கே விடிகாலையில் பெரும்பாலும் அதற்கு மேல்தான். ஹீட்சிங்க்கில் படிந்த உப்புத் தூசி அப்போது ஈரப் படலமாகி அரிக்கும், போர்டில் படிந்தால் மின்சாரமும் கசியும். ப்ளோயர் எடுத்த வெளிக்காற்றைவிட இப்போது இரண்டு பெரிய ஃபேன் அதிகக் காற்றைக் கார்டின் மேல் கொட்டுகிறது, அதாவது உப்பும் அதிகம். முன் வலையில் கழுவக்கூடிய நைலான் ஃபில்டர் வைத்திருக்கிறேன், காற்று கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. கடல் காற்று ஏறும் மதியத்தில் கிழக்கு ஜன்னலை மூடிவிடுகிறேன். ஃபில்டரைக் கழுவி நிழலில் காயவைத்து மாட்டுவது, காய்ந்த பிரஷ்ஷால் இறக்கைகளைத் தட்டுவது, இது இரண்டும் ஐப்பசி மழைக்கு முன்னால் கட்டாயம்.

ப்ளோயர் இல்லாமல் இரண்டு மூன்று ஃபேன் வைத்த கார்டு வைத்திருப்பவர்கள் இத்தனை செலவுக்குப் போக வேண்டாம் என்றே சொல்வேன். அந்த ஹீட்சிங்க்குகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், விஆர்எம்மையும் மெமரியையும் தொட்டுக்கொண்டுதான் இருக்கும், மோசமானது மேலே இருக்கும் மெல்லிய ஃபேன்களும் பிளாஸ்டிக் மூடியும்தான். மூடியைக் கழற்றிவிட்டு இரண்டு 120 ஃபேனைக் கேபிள் டையால் ஹீட்சிங்க்கோடு கட்டுங்கள். புதுச்சேரியில் மாமா பையனின் ஆர்எக்ஸ் 580-க்குப் போன பொங்கலுக்கு இப்படித்தான் செய்து கொடுத்தேன், கோர் 11 டிகிரி இறங்கியது, செலவு இரண்டு ஃபேனும் ஒரு அடாப்டரும். கட்டும்போது டையின் முனையை இறக்கை சுற்றும் பக்கம் விடாமல் வெளிப்பக்கம் திருப்பி வெட்டுங்கள், ஹீட்சிங்க் பற்கள் கூர்மையாக இருக்கும் இடத்தில் டைக்கு அடியில் ஒரு துண்டு பழைய சைக்கிள் டியூப் வைத்தால் அறுபடாது.